பதினெட்டாவது கத்தியின் முதல் பார்வை

இனிமேல் இந்த வீட்டுக்குள் ஒரு கத்தி வராது என்று சிங்காரவேல் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். சும்மா அணைக்கவில்லை. மூன்று வில்லைச் சூடத்தை ஒன்றாக ஏற்றி, வெறும் உள்ளங்கையால் பொத்தி அணைத்தார். கையில் கொப்புளம் வந்துவிட்டது. அந்தக் கொப்புளத்தையே சாட்சியாகக் காட்டிக்கொண்டு இரண்டு நாள் வீட்டுக்குள் நடமாடினார். கொப்புளம் ஆற ஒன்பது நாள் ஆயிற்று. சத்தியம் ஆறே நாளில் ஆறிவிட்டது.

சிங்காரவேல் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டர். பெர்மனென்ட். பதினாறாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெற்றிலை பாக்குக்கூடக் கிடையாது. இப்படி ஒரு ஆம்பிளையா என்று கடவுளே சந்தேகப்பட்டுத்தான் அவருக்கு மடக்குக்கத்திப் பைத்தியத்தைக் கொடுத்திருக்க வேண்டும். நகத்தால் இழுத்துத் திறந்து, விரலால் மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற பழைய பாணிக் கத்தி. கொம்புப் பிடி, மரப் பிடி, எலும்புப் பிடி என்று வகைக்கு ஒன்றாகப் பதினேழு சேர்த்து, பீரோவின் நடுத்தட்டில் வெல்வெட் துணி விரித்துப் படுக்க வைத்திருந்தார். அந்தத் தட்டுக்குக் கீழே காந்திமதியின் பட்டுச்சேலைகள் பேப்பரில் சுற்றிக் கிடந்தன.

பதினேழில் ஒன்றுகூட இதுவரை எதையும் வெட்டியதில்லை. வெட்டினால் கீறல் விழும், கீறல் விழுந்தால் சேகரிப்பின் மானம் போகும் என்பது அவர் கொள்கை.

சத்தியத்துக்குக் காரணமும் இந்தக் கொள்கைதான். பதினேழாவது கத்தி வந்த அன்று, விவரம் தெரியாத காந்திமதி அதை எடுத்து ஒரு கத்திரிக்காயின் காம்பில் வைத்துவிட்டார். அது நறுக்குவதற்குள் சிங்காரவேல் போட்ட கூச்சலில் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.

"பதினேழு கத்திய வச்சிக்கினு இருக்கற வூட்ல ஒரு கத்திரிக்கா நறுக்க வழியில்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்கங்க."

"அது நறுக்கற கத்தி இல்ல காந்தி."

"பின்ன?"

"பாக்கற கத்தி."

"ஓ. அப்ப நானும் இனிமே பாக்கற கொழம்பு வக்கிறேன். பாத்துட்டு ஷிப்டுக்குக் கெளம்புங்க."

மூன்று நாள் வீட்டில் உண்மையிலேயே பார்க்கிற குழம்புதான். நான்காம் நாள் சிங்காரவேல் சூடத்தை எடுத்தார்.

"இன்னொரு கத்தி இந்த வாசப்படிய தாண்டிச்சின்னா, அன்னைலேருந்து இந்த வூட்டுக் காயெல்லாம் நறுக்கறது என் வேலை. என் உசுரு இருக்கற வரைக்கும்!"

"உசுரெல்லாம் எதுக்குங்க? ரிட்டயர் ஆகற வரைக்கும் போதும்" என்றார் காந்திமதி. குறிஞ்சிப்பாடியில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் விடுவார்.

ஊரே இலவச நெட்டில் மிதந்துகொண்டிருந்த வருஷம் அது. சிங்காரவேல் 'மடக்கு நண்பர்கள்' என்ற வாட்ஸப் குழுவில் உறுப்பினர். தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். எல்லோரும் கல்யாணமானவர்கள். எல்லோர் மனைவிக்கும் எண்ணிக்கை விஷயத்தில் பொய் சொல்லப்பட்டிருந்தது.

அந்தக் குழுவில் 'முதல் பார்வை' என்று ஒரு வழக்கம். புதிதாக ஒரு கத்தி வந்தால் வாங்கியவர் அதைப் பற்றி எழுத வேண்டும். பிடி எப்படி, பித்தளை எப்படி, அலகு நடுவில் நிற்கிறதா, திறக்கும்போது 'டக்' என்ற சத்தம் வருகிறதா என்று. பகல் வெளிச்சத்தில் படம், சத்தத்துக்கு வீடியோ, சாட்சிக்கு இரண்டு உறுப்பினர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, கத்தி எதையும் வெட்டியிருக்கக் கூடாது. வெட்டாதது கன்னிக்கத்தி. ஒரு வெண்டைக்காய் பட்டாலும் அது குடும்பக்கத்தி. குடும்பக்கத்திக்கு முதல் பார்வை கிடையாது. அனுதாபச் செய்திதான்.

குழுவில் ஏழு மாதமாக ஒரே பேச்சு. நூறு வருஷத்துக்கு முந்தைய மாதிரியை வைத்து வெளிநாட்டில் ஒரு கத்தியைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். எருமைக்கொம்புப் பிடி, இரண்டு அலகு, பித்தளைத் தலை. நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் கையிலும் இன்னும் வரவில்லை. முதலில் யார் பார்வை எழுதுகிறாரோ அவர்தான் குழுவில் ராஜா. கோயமுத்தூர் பன்னீர்செல்வம் ஏற்கனவே மார்தட்டிவிட்டார். 'ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு என் கையில் இருக்கும். முதல் பார்வை என்னுடையது.'

சத்தியத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்த சிங்காரவேலின் பார்சல் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே வந்துவிட்டது.

மெயின் பஜாரில் கூரியர் ஆபீஸ் வாசலிலேயே நின்று பிரித்தார். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தின்போதுகூட இப்படி ஆகவில்லை, அன்று புகையால் கலங்கியது. கத்தியை ஒரு சாக்ஸுக்குள் போட்டு, சாக்ஸைச் சேஃப்டி ஷூவுக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். எட்டு மணி நேர ஷிப்ட் பார்த்த ஷூ அது. அதற்கு ஐந்தடிக்குள் காந்திமதி வரமாட்டார். இந்தியாவிலேயே பாதுகாப்பான பெட்டகம்.

குழுவின் இன்னும் இரண்டு உறுப்பினர்கள் டவுன்ஷிப்பிலேயே இருந்தார்கள். ஒருவர் அதே செக்‌ஷனில் கிரேன் ஓட்டும் இசக்கிமுத்து, திருநெல்வேலிக்காரர். இன்னொருவர் டிராயிங் ஆபீசில் ரிட்டயரான கோபாலகிருஷ்ணன், பூதக்கண்ணாடி இல்லாமல் இட்லியைக்கூடத் தொடமாட்டார். மறுநாள் செக்‌ஷன் பூஜை முடிந்ததும் கோபாலகிருஷ்ணன் வீட்டு வராந்தாவில் மூவரும் கூடுவது, வெளிச்சத்திலேயே படம் எடுப்பது, சாயங்காலத்துக்குள் முதல் பார்வையைப் போடுவது. பன்னீர்செல்வம் தூக்கில் தொங்குவார். திட்டம் இரும்பு மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் காந்திமதி வீட்டைக் கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"என்னங்க, நாளைக்குப் பூஜைக்கு எல்லா சாமானும் எடுத்து வச்சிடுங்க. ஸ்பேனர், சுத்தி, நகவெட்டி. அப்பறம் உங்க பதினேழு கத்தியும். இரும்புன்னு எது இருந்தாலும் சரி. விட்டுப்போனா என்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாததா?"

சிங்காரவேலுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜையில் நகவெட்டியை வைக்க மறந்துவிட்டார். எண்ணி ஆறாம் நாள் அதே நகவெட்டியால் கால் நகம் வெட்டும்போது சதையும் சேர்ந்து வந்து, சீழ் வைத்து, பதினோரு நாள் ஷூ போட முடியாமல் மெடிக்கல் லீவில் கிடந்தார். படையல் கிடைக்காத நகவெட்டியின் கோபம் என்று பிளாக் முழுக்க அவரே பிரசாரம் செய்தார். ஒரு நகவெட்டிக்கே அவ்வளவு ரோஷம். மூன்று அங்குலக் கத்திக்கு எவ்வளவு இருக்கும்? எங்கே பாயும்?

பூஜையில் வைத்தால் சத்தியம் மாட்டிக்கொள்ளும். வைக்காவிட்டால் விரல் போகும். சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. அட, பதினேழு கத்திக்கு நடுவில் பதினெட்டாவதாகப் படுக்க வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? காந்திமதிக்குக் கத்தி என்றால் எல்லாம் கத்திதான். கூட்டத்தில் ஆள் ஒளிகிற மாதிரி கத்தியைக் கத்திக்குள் ஒளிப்பது! தன் மூளையை நினைத்து அவரே கொஞ்சம் பயந்துபோனார்.

மறுநாள் நாலு மணிக்குப் பூஜை. வாழை இலைமேல் அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல், தையல் மெஷினின் மூடி, மிக்ஸி ஜார். நடுநாயகமாக நகவெட்டி, அதற்கு மட்டும் தனியாக ஒரு செம்பருத்திப் பூ. பக்கத்தில் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில், இலைத் துண்டுகள் மேல் பதினெட்டுக் கத்திகள்.

"சந்தனம் நானே வக்கிறேன் காந்தி. ஆயுதத்துக்கு ஆம்பளதான் வக்கணும்."

"போன வருசம் நான்தான வச்சேன்?"

"அதான் இந்த வருசம் சம்பள அரியர்ஸ் லேட்டு."

காந்திமதி ஒதுங்கிக்கொண்டார். சிங்காரவேல் பதினேழு கத்திக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பதினெட்டாவதற்கு வைக்க மனசு வரவில்லை. ஈரச் சந்தனம் பட்டால் அலகில் கறை விழும் ஜாதி அது. கத்திக்குக் கீழே இருந்த இலைத் துண்டில் ஒரு பொட்டு வைத்து, 'பாவனையாக ஏத்துக்கோ தாயே' என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தீபாராதனை முடிந்தது. சிங்காரவேல் கையைத் தாம்பாளத்துப் பக்கம் நீட்டினார். காந்திமதி முறைத்தார்.

"என்னா பண்றீங்க? நாளைக்கிக் காலைல எடுக்கறதுக்குள்ள யாருனா தொடுவாங்களா?"

அதை அவர் மறந்தே போயிருந்தார். பூஜையில் வைத்ததை விஜயதசமி அன்று காலையில்தான் எடுப்பார்கள். அதுவரைக்கும் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதில்லை, ஆசாரி உளியைத் தொடுவதில்லை. கோபாலகிருஷ்ணன் வீட்டு வராந்தாவில் இரண்டு பேர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிங்காரவேல் பாத்ரூமுக்குள் போய்ப் போன் போட்டார்.

கால் மணி நேரத்தில் இருவரும் பொரிகடலை வாங்க வந்த மாதிரி வந்து நின்றார்கள். காந்திமதி "வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தாளிக்க உள்ளே போனார்.

"என்னவே இது, தொடவும் கூடாது தூக்கவும் கூடாதுன்னா எதுக்குவே கூப்பிட்டீரு?" என்று இசக்கிமுத்து கிசுகிசுத்தார்.

"முதல் பார்வைன்னாலே பார்வைதானே சார்" என்றார் கோபாலகிருஷ்ணன். பூதக்கண்ணாடி ஏற்கனவே வெளியே வந்திருந்தது. "நீங்க எல்லாம் கையில எடுத்து எடுத்துக் கண்ணால பாக்கறதையே மறந்துட்டீங்க."

மூவரும் தாம்பாளத்துக்கு முன்னால் மண்டி போட்டார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் நீட்டினார்கள்.

"கொம்பு ஒரே நெறமா ஓடுது பாத்தீங்களா. ஒரு வெடிப்பு இல்ல."

"பித்தளையும் கொம்பும் சேருற எடத்துல எறும்பு நொழைய முடியாதுவே."

"அலகு சரியா நடுவுல நிக்குது சார். அந்தப் பக்கமும் சாயல, இந்தப் பக்கமும் சாயல."

"நம்ம வூட்ல நம்மளால முடியாதது" என்று சிங்காரவேல் பெருமூச்சு விட்டார்.

"எல்லாஞ் சரி, அந்த 'டக்' கேக்காம எப்பிடிவே எழுதுவீரு? நானே போன வாரம் ஒண்ணு..." என்று ஆரம்பித்த இசக்கிமுத்து சட்டென்று நிறுத்தினார். பின்னால் கொலுசுச் சத்தம்.

"என்னங்கண்ணா இவ்ளோ பக்தி?" சுண்டல் தட்டோடு காந்திமதி நின்றார்.

இசக்கிமுத்து யோசிக்கிற ஆள் இல்லை. "தாயே சரஸ்வதி!" என்று அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். வேறு வழியில்லாமல் மற்ற இருவரும் விழுந்தார்கள். எழுபது வயது கோபாலகிருஷ்ணனைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. காந்திமதி மூவரையும் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். "சுண்டல் ஆறிடும்" என்றார். அவ்வளவுதான்.

சிங்காரவேலுக்கு உற்சாகம் பொங்கியது. பன்னீர்செல்வத்துக்குப் பத்து மணி. காலை எட்டுக்குப் பூஜையை எடுத்தால், எட்டரைக்குள் 'டக்' வீடியோ, ஒன்பதுக்கு முதல் பார்வை. அன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். 'கார்மேகம் போன்ற கொம்பு. காலைக் கதிர் போன்ற அலகு. கன்னித்தன்மை கலையாத இந்தக் கத்தியைக் கண்டபோது...' அதற்குமேல் எழுத முடியாமல் பேனாவை மூடிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

விஜயதசமி. விடிந்ததும் குளித்துவிட்டு நின்றார். எட்டரை ஆகியும் பூஜை எடுக்கப்படவில்லை. காந்திமதி நிதானமாகத் தலை துவட்டினார், கோலம் போட்டார், காய்காரியிடம் பேசினார். ஒன்பதுக்குத்தான் கற்பூரம் காட்டி, "எடுத்துக்கலாங்க" என்றார். அவர் தேங்காயை எடுக்கக் குனிந்த நேரத்தில் சிங்காரவேல் பதினெட்டாவதை லாவி, கைலியின் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டார். சாட்சிகள் கூப்பிடும் வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

காந்திமதி முறம் நிறையக் காயோடு வந்து உட்கார்ந்தார்.

"வாங்க. ஒக்காருங்க."

"எதுக்கு?"

"நேத்திக்கிப் பூஜைல வச்சத இன்னைக்கி எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேணாமா? தையல் மெஷின்ல நாலு தையல் போட்டுட்டேன். அரிவாமணைல தேங்கா கீறிட்டேன். மிக்ஸி ஒரு சுத்து ஓட்டிட்டேன். உங்க நகவெட்டிய எடுத்து நீங்களே இப்பதான் சுண்டுவிரல்ல வெட்டிட்டீங்க, பாத்தேன். மிச்சம் கத்திதான்."

"கத்திக்கெல்லாம் அப்பிடி இல்ல காந்தி..."

"நீங்கதான சொன்னீங்க? மைன்ஸ்ல பூஜைக்கு மக்யா நாளு பெல்ட்ட வெறுமனையாச்சும் ஒரு சுத்து ஓட வுட்டுட்டுத்தான் மறுவேலை, ஓடாத பெல்ட்டு வருசம் முழுக்க வம்பு பண்ணும்னு. பெல்ட்டுக்கே அப்பிடின்னா கத்தி வம்பு பண்ணாதா? எனக்கொண்ணும் இல்ல. உங்க வெரலு, உங்க இஷ்டம்."

சிங்காரவேலின் சுண்டுவிரல் தானாக மடங்கிக்கொண்டது. முறத்தைப் பார்த்தார். கத்திரிக்காய், வெண்டைக்காய், அவரைக்காய், முருங்கைக்காய் என்று வகைக்கு ஒன்றாக. அவசரமாக எண்ணினார். பதினேழு. இன்னொரு தடவை எண்ணினார். பதினேழேதான்!

ஆக, இவளுக்குத் தெரியாது. நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த நொடியே பாலில் புளியும் விழுந்தது. பதினேழு கன்னிக்கத்திகளும் குடும்பக்கத்தி ஆகிவிடுமே? ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். இடுப்பில் இருந்தது லேசாகக் குத்தியது. ஒன்றைக் காப்பாற்றப் பதினேழைக் கொடுப்பது என்று முடிவு செய்தார். ராஜாவாவது என்றால் சும்மாவா?

மரப் பிடிக் கத்தி வெண்டைக்காயில் இறங்கியது. எலும்புப் பிடி முள்ளங்கியில் இறங்கியது. ஒரு காலத்தில் ராத்திரி எழுந்து எழுந்து பார்த்த முத்துச்சிப்பிப் பிடி, சேனைக்கிழங்கில் சிக்கிக்கொண்டு அழுதது. அழுதது கத்தி இல்லை, அவர். "வெங்காயங்களா?" என்றார் காந்திமதி. "ஆமா" என்றார் அவர். வெங்காயம் இன்னும் வந்திருக்கவே இல்லை.

ஒன்பதே முக்காலுக்குப் பதினேழாவது கத்தி ஒரு கோவைக்காயைப் பிளந்தது. சிங்காரவேல் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "முடிஞ்சுது. நான் கோபாலகிருஷ்ணன் சாரப் பாத்துட்டு வந்துடறேன்."

"இருங்க."

காந்திமதி உள்ளே போய், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் தொம்மென்று வைத்தார். ஒரு முழுப் பரங்கிக்காய். ஆட்டுக்கல் மாதிரி இருந்தது.

"இது யாருக்கு?" என்றார் சிங்காரவேல். குரல் கீச்சென்று வந்தது.

"இடுப்புல இருக்கற புதுசுக்கு."

வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு அது கோவில் மணி மாதிரி கேட்டது.

"எந்தப் புதுசு?"

"நேத்து மூணு பேரு விழுந்து கும்புட்டீங்களே. சரஸ்வதி படம் கெழக்கால இருக்குது. மூணு தலையும் தாம்பாளத்த பாத்துக்கினு இருந்துது. அதுலயும் ஒரே கத்திய. அதுக்கு மட்டும் சந்தனம் எலைல இருந்துது. நேத்தே எண்ணிட்டேங்க. காலைல காய்காரிகிட்ட எண்ணித்தான் வாங்கனேன்."

"அது... அது என்னுது இல்ல காந்தி! இசக்கியோடது! நேத்து மறந்து வச்சிட்டுப் போய்ட்டான்!"

"அப்பிடியா? போன் போடுங்க. எடுத்துக்கினு போவச் சொல்லலாம்."

போட்டார். ஸ்பீக்கரை அழுத்தியது காந்திமதியின் விரல்.

"யோவ் இசக்கி, நேத்து எங்க வூட்ல உன் புதுக் கத்திய மறந்து வச்சிட்டுப் போய்ட்டியே..."

மறுமுனையில் முதலில் இசக்கிமுத்துவின் குரல் வரவில்லை. அவர் மனைவி சரிதாவின் குரல் வந்தது. "புதுக் கத்தியா? எந்தப் புதுக் கத்தி?"

பிறகு இசக்கிமுத்து, ஒரே மூச்சில்: "கத்தியா? எனக்கு ஒரு கத்தியும் தெரியாதுவே! நான் சுண்டல் திங்க வந்தேன், தின்னேன், போனேன். ராங் நம்பரு!"

போன் வைக்கப்பட்டது. சிங்காரவேல் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். நகத்தால் இழுத்தார். திறந்தது. ஆஹா, என்ன சத்தம்! 'டக்' என்று, அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு செல்லமாக. ஏழு மாதமாகக் கனவில் கேட்ட சத்தம். அதைக் கேட்க எதிரில் ஒரு பரங்கிக்காய் மட்டும் இருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு துக்கப்பட்ட நேரம் வேறு கிடையாது.

மூன்று அங்குல அலகால் முழுப் பரங்கிக்காயை அறுப்பது லேசு இல்லை. முதலில் குத்தினார். பிறகு அறுத்தார். பிறகு காயைக் காலால் இடுக்கிக்கொண்டு, பெல்ட் ஜாயின்ட் பிரிக்கிற மாதிரி ஒரு பக்கமாக நெம்பினார். அது படாரென்று பிளந்து, நாரும் விதையும் முகமெல்லாம் தெறித்தது. முழங்கை வரைக்கும் மஞ்சள். காந்திமதிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டார்.

அப்போது போன் டிங் என்றது. மறுபடி டிங். பிறகு நிற்கவே இல்லை.

"ஆரோ பன்னீர்செல்வமாம்" என்று காந்திமதி எடுத்துப் படித்தார். "'கூரியர் வாசலில் நிற்கிறேன். இன்னும் ஐந்து நிமிடம். நெய்வேலி என்ன தூங்குகிறதா'ன்னு கேக்கறாரு."

சிங்காரவேலின் ரத்தம் கொதித்தது. வழுக்கிக்கொண்டு எழுந்தார். பரங்கிக்காய் வெட்டியது காந்திமதிக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். நேற்று கண்ணால் பார்த்த இரண்டு சாட்சி இருக்கிறார்கள், படத்தையும் வீடியோவையும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது!

"காந்தி! உனக்குப் புண்ணியமாப் போவும். கையெல்லாம் வழவழன்னு இருக்குது. நான் சொல்லச் சொல்ல அப்பிடியே அடி. சத்தியத்துக்கு நான் கட்டுப்படறேன், காய் நறுக்கறேன், என்ன வேணா பண்றேன். இது ஒண்ணு மட்டும்!"

காந்திமதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, சொல்லுங்க" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சிங்காரவேல் கண்ணை மூடிக்கொண்டு, கையில் பரங்கிக்காய்க் கீற்றோடு, கம்பீரமாகச் சொல்ல ஆரம்பித்தார். "கார்மேகம் போன்ற கொம்பு. காலைக் கதிர் போன்ற அலகு. கன்னித்தன்மை கலையாத இந்தக் கத்தியைக் கண்டபோது, அடியேன்..." காந்திமதி அடித்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். சிங்காரவேல் அரைக்கண் திறந்து பார்த்து, வெளிச்சத்துக்கு என்று நினைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிதா? போட்டுடட்டா?"

"போடு! மணி என்ன?"

"ஒம்போது அம்பத்தெட்டு."

சிங்காரவேல் துள்ளிக் குதித்துப் போய்க் கையைக் கழுவினார். கழுவும்போதே போன் டிங் டிங் என்று கொண்டாடியது. நாற்பத்து இரண்டு பேரும் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள், பன்னீர்செல்வம் உள்பட. ஏழு மாதக் கனவு. நெஞ்சு நிமிர, ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கிப் பார்த்தார்.

கையில் பரங்கிக்காய்க் கீற்றும் மீசையில் விதையுமாக அவர் படம். அதன் கீழே: 'முதல் பார்வை. கத்தி பரவாயில்ல. ஆளு ரொம்ப மெதுவு. நாளைக்கு வாழைப்பூ.'